ரத்தக் குழாயில் எழுதிய பெயர்

சவுக்குத் தோப்பின் நிழல் ஏரிக்காற்றில் அசைய, திண்டிவனத்துக்கு வெளியே அந்த இருளர் குடியிருப்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கிறது. கன்னியம்மா கையை நீட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். போன தையில் வந்த ஃபுளூ காய்ச்சல் ஊர்த்தெருவில் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது. இங்கே அவள் புருஷனைக் கொண்டுபோனது. அதை எதிர்க்கிற சக்தி வம்சத்துக்கு வம்சம் மாறுமா என்று பார்க்கும் ஆராய்ச்சிக்குத்தான் இந்த ரத்தம் எடுப்பது. குழாயில் அது அவசரமில்லாமல் ஏறுகிறது; வெயில் பட்ட இடம் நாவல்பழ நிறம்.

"தாத்தா, பாட்டி எல்லாருமே இருளர்தானா?" என்கிறாள் நர்ஸ் பர்வீன்.

"எல்லாருந்தாங்க."

மறுபேச்சில்லாமல் குழாயின் சீட்டில் 'இருளர்' என்று எழுதுகிறாள் பர்வீன். ஈர மை மினுங்குகிறது. பஞ்சை அழுத்த மறந்து கன்னியம்மா அதையே பார்க்கிறாள். ஐஸ் பெட்டி திறக்கிறது. மெல்லிய குளிர்ப்புகை எழுந்து அவள் முழங்கையைத் தொடுகிறது.

"நர்சம்மா, எம்பொண்ணு சாதி சர்ட்டிபிகேட்டுக்கு நாலு வருசமா அலைஞ்சிக்கினு இருக்கேன். இருளர்னு என்னா ஆதாரம்னு கேக்கறாங்க." மறு கையையும் நீட்டுகிறாள். "இதுலயும் எடுத்துக்கோங்க. அவளுக்கும் இதேமாதிரி ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."