முள் இறங்கும்வரை

முகம் போய் நுரைப்பஞ்சுச் சுவரில் மோதியபோது சத்தமே வரவில்லை. மூக்கு உடைந்ததே வாயில் இறங்கிய உப்புச் சுவையில்தான் குரல் பதிவுக்காரனுக்குத் தெரிந்தது.

“கத்து. நல்லா வாயைத் திறந்து கத்து,” என்றான் மேஸ்திரி. “வெளிய ஈ காக்காய்க்குக்கூடக் கேக்காது. நீ பார்த்துப் பார்த்துக் கட்டின ரூம்தானே?”

உண்மைதான். தெருவில் போகிற லாரியின் சத்தம் பதிவில் ஏறக் கூடாதென்று கதவு இடுக்கையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தவன் அவனேதான். கம்பெனிகள் அனுப்பும் ஸ்லைடுகளுக்குக் குரல் சேர்த்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஃபேன்கூடப் போடாமல் வேர்த்து வழிய உட்கார்ந்து பேசுவான். குரல் கழுவித் துடைத்தமாதிரி விழும்.

மேஸ்திரி அவன் முடியைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் போட்டான். இன்னொரு கையில் முழ நீள ஸ்பேனர்.

“டயர் பட்டறைக்குப் பேசிக் கொடுத்தியே, ஞாபகம் இருக்கா? புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டுறதுக்கு?”

“இருக்குண்ணே. பாதுகாப்பு ஸ்லைடு.”

“பாதுகாப்பு!”

ஸ்பேனர் அவன் இடது கையில் இறங்கியது. சுண்டுவிரல் போகக் கூடாத பக்கம் திரும்பிக்கொண்டது. பதிவுக்காரன் அலறினான்.

“அடேயப்பா, அலறல்கூட எடுப்பா இருக்கே! என் தம்பியும் அலறினான்டா. டயர் வேகவைக்கிற சேம்பர்ல நீராவி இருக்கும்போதே மூடியைத் திருகிட்டான். மூடி பிச்சுக்கிட்டு வந்து நெஞ்சுல அடிச்சுது. மிச்சத்தை நீராவி பார்த்துக்கிச்சு. தூக்கினேன், தோல் சட்டையோட சேர்ந்து என் கையில வந்துது.”

“ஐயோ... அதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்?”

“பிரஷர் மீட்டர் முள்ளு சைபருக்கு இறங்காம மூடியைத் தொடக் கூடாதாம். செத்த பிறகு வந்த அதிகாரி சொல்றாரு. நான் டயர் செதுக்குற பக்கம், எனக்குச் சேம்பரைப் பத்தி என்ன தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவன் நீ. படிக்கத் தெரியாத பசங்க, உன் குரலைக் கேட்டுத்தான் கத்துக்கணும். நானும் அங்கதான் இருந்தேன், என் காதால கேட்டேன். மூடியைத் திருகுன்னு சொன்ன. அதோட வாயை மூடிக்கிட்ட.”

ஸ்பேனரின் முனை பதிவுக்காரனின் தொண்டைக்குழியில் வந்து அழுந்தியது.

“இதுதானே உனக்குச் சோறு போடுது? இனிமே போடாது.”

பதிவுக்காரன் பயந்தான். அடிக்கு மட்டுமல்ல. அந்த ஸ்லைடுக்குப் பேசும்போது எதிர் வீட்டு நாய் விடாமல் குரைத்து, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டும்போது கடைசி வரி கைதவறிப் போயிருக்குமோ? போயிருந்தால் இந்த அடி போதாது.

“ஒரே ஒரு தடவை கேட்டுடுவோம்ணே. அந்த வரி இல்லேன்னா நானே கழுத்தைக் காட்டுறேன்.”

“போடு. உன் குரலைக் கேட்டுக்கிட்டே சாவு.”

உடையாத கையால் கம்ப்யூட்டரில் அந்த ஸ்லைடைத் தேடித் திறந்தான். சேம்பரின் படம் வந்தது. கூடவே அவன் குரல், ரத்தம் ஒழுகாத நிதானமான குரல்: “டயர் வெந்ததும், மூடியை இரண்டு கைகளாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருகித் திறக்கலாம்.”

குரல் நின்றது. நின்றதுதான் தாமதம், மேஸ்திரி குனிந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரலால் அம்புக்குறிப் பட்டனைத் தட்டினான். சேம்பர் போய்க் கையுறைப் படம் வந்தது.

“பார்த்தியா? எங்கடா அந்த வரி?”

முதல் அடி தோளில் விழுந்து எலும்பு நெரிந்தது. அடுத்ததற்கு ஸ்பேனர் தலைக்கு மேல் போனது.

“தட்டாதீங்கண்ணே! அது தானா மாறும்!” பதிவுக்காரன் குரல் கிழியக் கத்தினான். “படத்துல இருக்கிற முள்ளை எல்லாரும் உத்துப் பார்க்கட்டும்னுதான் நடுவுல பேசாம விட்டிருக்கேன். முழுசாக் கேட்டுட்டு அடிங்க!”

சேம்பர் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓடவிட்டான். “...திறக்கலாம்” என்று குரல் நின்றது. அறையில் இருவர் மூச்சு மட்டும் இரைந்தது. மேஸ்திரியின் கட்டைவிரல் தானாகப் பட்டன் பக்கம் நகர்ந்தது. பதிவுக்காரன் அதைத் தன் உடைந்த கையாலேயே பிடித்துக்கொண்டான்.

பிறகு குரல் வந்தது.

“ஆனால், முள் சைபருக்கு இறங்கும்வரை மூடியைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் உயிர் போகும்.”

பதிவுக்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகை முட்டியது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது, மரியாதையெல்லாம் பறந்தது.

“கேட்டுச்சாடா? நான் முழுங்கல! எவனோ அவசரக்குடுக்கை பாதியிலேயே தட்டித் தள்ளிவிட்டிருக்கான். அன்னைக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்டினானே, அவன் மென்னியைப் போய்ப் பிடி! அவன்தான் உன் தம்பியைக் கொன்னவன்!”

கையுறைப் படம் தானாக வந்து நின்றது. மேஸ்திரி தரையில் உட்கார்ந்தான். ஸ்பேனரைப் பதிவுக்காரனின் மடியில் வைத்தான்.

“நான்தான் போட்டுக் காட்டினேன்.”