தபால் நிலையத்துக்கு ஒரு பெயர்

கயிற்றின் நுனியை என் கணவரின் கையில் வைத்தேன்.

"இழுக்கவா, வெர்னா?"

"பொறுங்க. பாட்டு முடியட்டும்."

பள்ளிக்கூட வாத்தியக் குழு தேசிய கீதத்தை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது. ஜூலை வெயிலில் பைன்லிக் ஊரே நெஞ்சில் கை வைத்து எழுந்து நின்றது, சக்கர நாற்காலியில் இருந்த அவரைத் தவிர.

எதிரே தபால் நிலையத்தின் சுவர். சுவரில் ஒரு பித்தளைப் பலகை. அதை மூடி ஒரு நீலத் துணி.

காலையில் நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். படம் எடுப்பார்கள், ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்று என் உயிரை வாங்கிவிட்டார். கோட்டில் சின்னக் கொடி குத்தியிருந்தார். பையில் அவர் பேசப்போகும் பேச்சு இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

ஆர்வில் டாக்கெட். இருபத்தாறு வருடம் வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் எங்கள் தொகுதியின் உறுப்பினர். வேண்டாம் என்று சொல்லியே பெரிய ஆள் ஆனவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலா, வேண்டாம். எல்லை தாண்டி வந்தவனுக்கு மருந்தா, வேண்டாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பணமா, அதுவும் வேண்டாம். நாட்டில் பாதிப் பேர் அவர் பெயரைக் கேட்டாலே காறித் துப்பினார்கள். மீதிப் பேர் ஆப்பிள் பை என்ற பலகாரம் சுட்டு அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் பலகாரம் சுட்ட கட்சி.

பதவி போயிற்று. கண் மங்கிற்று. கூடவே சுற்றிக்கொண்டிருந்த கூட்டமும் கலைந்துவிட்டது. முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகு அவருக்கு ஒரே ஆசைதான். சாவதற்குள் சொந்த ஊர்த் தபால் நிலையத்துக்குத் தன் பெயரை வைத்துவிட வேண்டும்.

அதற்கு வாஷிங்டனில் சட்டம் போட வேண்டும். அதற்கும் முன்னால், எங்கள் மாநிலத்திலிருந்து போன உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்சி பார்க்காமல். ஒருவர் முறைத்துக்கொண்டாலும் போச்சு. அவர் முறைத்துக்கொள்ளாத ஆள் அங்கே யாரும் இல்லை.

"நான் கேட்டா ஒருத்தனும் போட மாட்டான். நீ போய்ப் பேசு. உன் மூஞ்சிக்காகப் போடுவாங்க" என்றார்.

போனேன். அவருடைய பதவியில் இப்போது உட்கார்ந்திருக்கும் டார்லா ஹென்ஸ்லியிடம் பேசினேன். அந்தப் பெண் நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

கையெழுத்துகள் விழ ஆரம்பித்தன. விழ விழ அவரிடம் வந்து சொன்னேன். செயிண்ட் லூயிஸ்காரர் பெட்டிஃபோர்ட், நடுச்சபையில் அவரை மிருகம் என்று திட்டியவர், அவரே கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா? கடைசில எல்லாப் பயலும் வழிக்கு வந்துட்டானுங்க!"

நர்ஸுகளிடம் சொன்னார். பாதிரியாரிடம் சொன்னார். தரை துடைக்க வருகிறவளிடமும் சொன்னார்.

ஒரு கையெழுத்தைக்கூட நான் பொய்யாகச் சொல்லவில்லை. பத்திரிகையை அவருக்குப் படித்துக் காட்டுவதும் நான்தான். ஊரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதைக்கூட ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிவதற்குள் பரப்பிவிடும் ஊர் இது.

பாட்டு நின்றது.

"இப்ப இழுங்க."

இழுத்தார். துணி சரிந்தது. எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. கையைத் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டினார்.

"படி, வெர்னா. சத்தமா படி."

சத்தமாகவே படித்தேன்.

"ராய்ஸ் டாக்கெட் தபால் நிலையம்."

தூக்கிய கை தூக்கியபடி நின்றது.

ராய்ஸ் பதினோரு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொண்டுவந்தவன். ரோடெல்லாம் பனிக்கட்டியாகக் கிடந்த நாளில், வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய் வயதானவர்களுக்கு மருந்துப் பொட்டலம் கொடுத்தவன். இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்தினான். எய்ட்ஸ் வந்தது. அது தேர்தல் வருடம். எதிர்க்கட்சிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அந்த நோய்க்கான பணத்தையும் வேண்டாம் என்று சபையில் தடுத்துவிட்டு வெளியே வந்த ஆர்வில், அப்படி ஒருவனைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று டிவியில் சொன்னார். ராய்ஸ் படுக்கையில் கிடந்தபடி அதைப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனைப் புதைத்த அன்று இவர் வெற்றி விழாவில் கேக் வெட்டினார்.

ஊர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரையே பார்த்துத் தட்டினார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த டிவிக்காரப் பெண் குனிந்து அவரிடம் மைக்கை நீட்டினாள். சின்னப் பெண். பழைய கதை எதுவும் தெரியாது.

"ராய்ஸ் உங்களுக்கு என்ன வேணும், சார்?"

கைதட்டல் பட்டென்று நின்றது.

அவர் மெதுவாகக் கையை இறக்கினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான், அவர் வாய் எதற்குத் திறக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இத்தனை காலம் சொல்லாததை இப்போது இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிடப் போகிறார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாகப் போகிறார்.

"அவன் என்..."

மைக்கைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இவருக்கு யாருமில்லம்மா. எனக்குத்தான் மகன்."