ஹேண்ட்பிரேக்

சிறுமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. அடைமழைக் காலம் முடியும்வரை பழைய ஃபியட் இந்தத் தகரக் கொட்டகையில்தான் நிற்கும். எலி நுழையாமல் சைலன்சரில் துணி அடைத்தாயிற்று. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, செங்கல் அடுக்க அடியில் படுத்திருக்கிறார் அப்பாஸ். வெளியே தெரிவது கைலியும் இரண்டு பாதங்களும்தான். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறாள் அவர் மனைவி தஹ்சீன். ஹேண்ட்பிரேக்கைப் போட்டே வைத்தால் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் அதை எடுத்துவிடுவது வருஷா வருஷம் அவள் வேலை. காலையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. செங்கல் வைத்தாயிற்றா என்று கேட்க வீம்பு விடவில்லை. பிரேக்கை எடுத்துவிடுகிறாள். வண்டி நகர்கிறது. ஜாக்கி கிறீச்சிடுகிறது. அடியிலிருந்து, “ஏய்!” இரண்டு கையாலும் பிரேக்கை இழுக்கிறாள்; வண்டி நடுங்கி நிற்கிறது. தகரத்தில் முதல் துளிகள் தெறிக்கின்றன. பாதங்கள் அசையவில்லை. “என்னங்க… ஏங்க, பேசுங்களேன்.” மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு, “விட்றாத, புள்ள. அப்படியே பிடி.” செங்கல் உரசுகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக. மழை வலுக்கிறது. மேலெல்லாம் மண்ணோடு அவர் ஊர்ந்து வெளியே வந்து, கதவருகே குனிகிறார். “இப்ப எடு.” அவள் தலையசைக்கிறாள். விரல்கள் பிரியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார்.