கிதியோனுக்கு அக்கா எழுதிய தேடல் குறிப்பு

எந்த வருஷமென்று சரியாக நினைவில்லை. ஆளுக்கொரு வலைப்பக்கம் இருந்ததும், தேடலில் முன்னால் வராதவர்களுக்குப் பெண் கிடைக்காததும் உண்மை.

பியூலா வலைத்தளங்களுக்குத் தேடல் குறிப்பு, அதாவது தேடலில் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரி, எழுதுபவள். அவளுடைய தம்பி கிதியோனோ தேடலில் யார் கண்ணிலும் படாத கடைசிப் பக்கத்தில் கிடந்தான். பெண்வீட்டார் அதிகம் தேடுவது எது என்று பார்த்து, அவன் குறிப்பில் 'அருமையாகச் சமைப்பவர்' என்று சேர்த்தாள்.

"எனக்கு வெந்நீர்கூட வைக்க வராதேக்கா!"

"மொதல்ல மேல வாலே. பொறவு படிச்சுக்கலாம்."

மேலே வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெப்சி என்ற பெண் வீட்டுக்கே வந்து, "ஒரு ரசம் வைங்க, பாப்போம்" என்றாள். குறிப்பு பொய்யென்று அவள் ஒரு புகார் கொடுத்தால் போதும், கிதியோன் இனி எந்தத் தேடலிலும் வரமாட்டான். கிதியோன் அடுப்படிக்குள் போனான்.

கடைசியில் கிதியோன் வெறுங்கையோடு வெளியே வந்தான். "அது அக்கா எழுதுனது."

ஹெப்சி சிரித்துவிட்டாள். "என் குறிப்புல 'அமைதியானவள்'னு பாத்திருப்பீங்க. அது எங்கண்ணன் எழுதுனது."

புகார் போகவில்லை, கல்யாணம் நடந்தது. ஹெப்சி பேசிக்கொண்டே இருக்கிறாள், கிதியோன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், சமையலுக்கு ஆள் வருகிறது. பியூலாவும் அந்த அண்ணனும் கூட்டாகக் குறிப்பு எழுதும் அலுவலகம் ஒன்று திறந்தார்கள். அது நன்றாகப் போகிறது.