நகத்தின் சாட்சி

கையில் கத்தரியுடன், மூச்சை அடக்கிக்கொண்டு, உறங்கும் மனைவியை நோக்கி முழங்காலால் ஊர்ந்துகொண்டிருந்தார் பேக்கரிக்காரர். கேக் பெட்டியின் நூலை நறுக்கும் அந்தச் சிறு கத்தரியைக் காலையிலேயே தீட்டி வைத்திருந்தார்.

சாய்வு நாற்காலியிலிருந்து வந்த மெல்லிய குறட்டை ஒரு கணம் நின்றது. அவருடைய மூச்சும் உடன் நின்றது. குறட்டை மீண்டும் தொடங்கவே, குனிந்து 'நறுக்'கென்று வெட்டினார். மனைவியின் கால் பெருவிரல் நகம் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

எல்லாம் மைத்துனன் செய்த வேலை. இதயநோய் ஆய்வுக்கூடத்தில் மருத்துவனாகப் பணிபுரியும் அவன், காலையில் வந்து அவர் பெயர் எழுதிய உறையொன்றை நீட்டியிருந்தான்.

"அத்தான், இதுல உங்க கால் நகத்தை வெட்டிப் போட்டு வைங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"ரத்தம் உறிஞ்சினது போதாதுன்னு இப்ப நகமும் கேக்குதா மாப்ளே?"

"ரத்தம் சமீபத்துல சாப்பிட்டதைச் சொல்லும். நகம் மெதுவா வளருதில்ல, அது பல மாசக் கதையைச் சொல்லும். செலினியம், துத்தநாகம்னு சில தாதுச் சத்தெல்லாம் உடம்புக்குத் தூசி அளவுதான் வேணும். அது குறைஞ்சவங்களுக்கு இதயநோய் அதிகமா வருதான்னு பார்க்கறோம்."

பல மாதக் கதை என்றதும் பேக்கரிக்காரருக்கு வியர்த்தது. அக்கதை முழுவதும் வெண்ணெய் பிஸ்கட்டாலும் கிரீம் பன்னாலும் எழுதப்பட்டதாயிற்றே! மனைவியோ முன்னதாகவே தீர்ப்புரைத்துவிட்டாள்.

"ரிப்போர்ட் மோசமா வரட்டும், அப்புறம் அடுப்புப் பக்கமே உங்களை விடமாட்டேன். கல்லாவுலதான் உக்காரணும்."

அடுப்பிலிருந்து சுடச்சுட இறக்கும் பிஸ்கட் தட்டைப் பிரிவது அவருக்கு உயிரைப் பிரிவதற்கு ஒப்பாகும். கீரையும் மீனும் தவறாது உண்ணும் மனைவியின் நகம் வீட்டிலேயே இருக்கக் கவலை எதற்கு? அதை உறையில் போட்டு, மைதாப் பசையால் ஒட்டி அலமாரியில் வைத்தார்.

மாலையில் அவர் கடைக்குப் புறப்பட்டபோது மனைவி கேட்டாள்.

"நகம் வெட்டியாச்சா?"

"ஓ! நானே வெட்டி, ஒட்டியும் வெச்சுட்டேன்."

"நீங்களா? அந்தத் தொந்தியைத் தாண்டி உங்க காலை நீங்க பார்த்தே பல வருஷமாச்சே! வெட்டின லட்சணத்தைப் பாருங்க, காலுறையைக் கிழிச்சுக்கிட்டு விரல் எட்டிப் பார்க்குது. கழட்டிட்டுக் காலை இப்படிக் காட்டுங்க."

எப்போதும் போல் அவருடைய பாதத்தை மடியில் வைத்து, எல்லா விரல் நகங்களையும் ஒழுங்காக வெட்டிவிட்டாள். மறுநாள் மைத்துனன் உறையை எடுத்துச் சென்றான்.

சில வாரங்கள் கழித்து அவன் முகம் தொங்க வந்தான்.

"அத்தான், செலினியம் ரொம்பக் குறைவு. இதை மட்டும் வெச்சு நோய்னு சொல்லமாட்டேன். ஆனா நெஞ்சை ஒருதரம் பார்த்துடலாம். சாப்பாட்டையும் மாத்தணும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போலாயிற்று. குறைவு தமக்கன்று, அருகில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் இவளுக்கு! நல்ல மீன் துண்டையெல்லாம் தம் தட்டில் வைத்துவிட்டு வெறும் குழம்பையே உண்டாளோ?

"பார்த்தீங்களா? கல்லா நாற்காலிக்கு மெத்தை தைச்சு வைக்கட்டுமா?" என்றாள் அவள்.

"அதை விடு. நீயும் வந்து நெஞ்சைக் காட்டிக்க."

"எனக்கென்ன கேடு? குறைவு உங்களுக்குத்தானே!"

அவளே அவரை இழுத்துச் சென்று சோதனை செய்வித்தாள். இப்போதைக்கு அச்சமில்லை, இப்படியே விட்டால் பின்னால் தொல்லை என்றான் மைத்துனன். பேக்கரிக்காரரின் காதில் அது ஏறவேயில்லை.

அன்று முதல் முட்டையையும் மீனையும் மனைவியின் தட்டுக்கே தள்ளினார். அவளோ, "நீங்க ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நான் ஒரு வாய்" என்று அடம் பிடித்தாள். அவளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கீரையை விழுங்கினார். தவிட்டு ரொட்டியை மாட்டுத்தீனி என்று ஏசிவந்தவர், அவளுக்காக அதையே சுட்டார். நடக்கப் போ என்றால், துணைக்கு ஆளின்றி நடக்கமாட்டேன் என்றாள். நாள்தோறும் உடன் நடந்தார். கிரீம் பன் தொண்டையில் இறங்க மறுத்தது.

ஒருநாள் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தவர், தம் கால்விரல்களைக் கண்டு திடுக்கிட்டார். தொந்தி கரைந்திருந்தது! நகங்களோ அவரை நேருக்கு நேர் பார்த்தன. அதற்குமேல் அவரால் தாங்க இயலவில்லை.

துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரே சென்று அமர்ந்தார்.

"இந்தா, ஒண்ணு சொல்லணும். அந்த உறையில இருந்தது என் நகமில்லை. உன்னோடது. நீ தூங்கறப்ப வெட்டினேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "குறைவு உனக்குத்தான். கிளம்பு, உன் தம்பிகிட்டப் போவோம்."

"தெரியும். கத்தரியோட ஒரு ஆள் காலடிக்கு ஊர்ந்து வந்தா எவளுக்குங்க தூக்கம் வரும்?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே? உன் நெஞ்சுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் கடைசிக் காலுறையை மடித்து வைத்துவிட்டு, அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் உங்க காலை மடியில வெச்சு வெட்டினேனே, அந்த நகமெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கறீங்க?"