பதினொண்ணிலிருந்து ஒண்ணு வரை

"யோவ், மணி பதினொண்ணு. எங்க கிளம்பிட்ட?"

"வேலை தேடத்தான் சார்."

எங்கள் மெத்தைக் கடையில் மேனேஜரிடம் இப்படி முகத்துக்கு நேராகச் சொல்ல லொடலொட அண்ணனால்தான் முடியும். கடையின் மூத்த சேல்ஸ்மேன். வாய் மூடாது, அதனால் அந்தப் பேர்.

முந்தின நாள்தான் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. ஆள் குறைப்பாம். இன்னும் ஒரு மாசம்தான் வேலை. வேறு ஆளாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார். இவர் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வரி விடாமல் படித்தார்.

"ஒன்பதாவது பிரிவு சார். நோட்டீஸ் மாசத்துல வேற வேலை தேட தினம் ரெண்டு மணி நேரம் விடணும்."

"எவன்யா இதெல்லாம் எழுதினது?"

"தெரியல. கீழ இருக்கற கையெழுத்து உங்களோடது."

மேனேஜர் பல்லைக் கடித்தார். "போ. ஒண்ணு அடிச்சு ஒரு நிமிஷம் லேட்டானாலும் அன்னிக்கே வெளியே. அனுபவச் சான்றிதழும் கிடையாது."

அண்ணன் தினமும் தலை வாரிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு கிளம்புவார். கூட்டம் வருவதே அந்த நேரத்தில்தான். அவர் தூக்க வேண்டியதையும் சேர்த்து நான் தூக்கினேன். ஆறடி மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், அடுத்தவன் நியாயமெல்லாம் மறந்துபோகும். ஒருநாள் அவர் காபிக் கடையில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான்.

அதிலிருந்து மேனேஜர் வாசலிலேயே நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு காத்திருந்தார். அண்ணன் சரியாகப் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு வந்து ஒரு கும்பிடு போடுவார்.

கடைசி நாள்.

"என்னய்யா, வேலை கிடைச்சுதா, இல்ல காபிதான் கிடைச்சுதா?"

"வேலை முதல் வாரமே கிடைச்சுடுச்சு சார்."

மேனேஜர் எழுந்தேவிட்டார். "அப்ப மூணு வாரமா ஊர் சுத்தினியா? சான்றிதழை மறந்துடு!"

"ஊர் சுத்தல சார். உங்களுக்குத் தேடினேன்."

"எ... எனக்கா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தி நான் அன்றுதான் பார்த்தேன்.

"அன்னிக்குத் தபால்ல ரெண்டு கவர் வந்துச்சு. வாங்கினதே நான்தான். ஒண்ணுல என் பேரு, இன்னொண்ணுல உங்க பேரு. என்னோடதைப் பிரிச்சதும் உங்களோடதும் நோட்டீஸ்தான்னு புரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் அந்த ரெண்டு மணி நேரம் உண்டு சார். நீங்கதான் கௌரவம் பார்த்துக்கிட்டு வாசலை விட்டு நகரல."

மேனேஜர் அப்படியே உட்கார்ந்தார். எனக்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க. கட்டில் கடை. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "அது சரி... அங்க மேனேஜர் யாரு?"

அண்ணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னாடி நின்னு, என்னை 'சார்'னு கூப்பிட்டுப் பழகிக்குங்க."