கைப்பிடிக்குள் புது மோட்டார்

ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி. சனிக்கிழமையே ஷிகெயாகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் குண்டு சுடும் தன் விளையாட்டுத் துப்பாக்கியின் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, வேகமான புது மோட்டாரைப் பொருத்தினார். விசையை அழுத்தினால் கரகரவென்று இரைந்தது. மறுபடி கைப்பிடியைத் திறந்தார்.

"எத்தனை தடவைதான் திறப்பீங்க? சோறு ஆறுது," என்றாள் மனைவி ஃபுசாயே.

"பல்சக்கரத்துல சரியா உக்காரலை. இந்தச் சத்தத்தோட அவன் முன்னாடி போய் நிக்கறதா?"

"அவன் ஓட்டத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியுமா? முதல் ஆட்டத்துலயே சுட்டு வெளியே அனுப்பிடுவான்."

"சுடட்டும். கிட்ட வருவான்ல."

கைப்பிடியின் அடியிலிருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் சத்தம் சீரானது.

மறுநாள் சிபா பகுதியின் காட்டுத் திடலில் அவள் சொன்னபடியே ஆயிற்று. குண்டு பட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறியவர், முகமூடியோடு கூடாரத்தில் காத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவரைச் சுட்ட இளைஞன் தேடி வந்தான்.

"சார், விசையைத் தொட்டதுமே சுடுதே. என்ன மோட்டார் போட்டிருக்கீங்க?"

ஷிகெயாகி முகமூடியைக் கழற்றினார். இளைஞன் ஓரடி பின்வாங்கினான். வேலையை விட்டதற்கு அவர் திட்டினார் என்று வீட்டைவிட்டுப் போய், வருடக்கணக்காகப் பேசாதிருந்த மகன் நவோட்டோ அவன்.

பிறகு மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குடுங்கப்பா, பாக்கறேன்," என்று கையை நீட்டினான்.